இரண்டு பேருக்கான இலக்கணம்

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு அந்த வீட்டில் சண்டை போட இடம் கிடைக்கவில்லை.

ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. கூடத்தில் மாமனாரும் மாமியாரும் இருப்பார்கள். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே இருந்த கதவு உப்பிப்போய் மூட மாட்டேனென்று அடம்பிடித்ததால் அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாய்த்துவிட்டு, ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். புதுக் கதவு போடுவது பற்றி வருஷத்துக்கு ஒருமுறை பேச்சு எழும், அதுவாகவே அடங்கும். திரைக்கு இந்தப் பக்கம் அவள், "ஏங்க, இடுப்பு வலிக்குது" என்று முணுமுணுத்தால், "தைலம் அலமாரியில மேல் தட்டுல இருக்கும்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் குரல் கொடுப்பார். நல்ல மனுஷர்தான். அதற்காக எல்லாவற்றுக்குமா பதில் சொல்வது?

அவள் தொழில் மொழிபெயர்ப்பு. தையல் எந்திரங்களோடு வரும் ஜப்பானிய மொழிக் கையேடுகளைத் தமிழாக்கித் தருவாள். ஜன்னலோரம் மடக்கு மேசை, அதன்மேல் கணினி, இரண்டு அகராதிகள், நாள் முழுக்க பாபினும் பெடலும் ஊசியும். "எங்க ஜப்பான்காரி உள்ள எழுதிட்டு இருக்கா" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தெருமுனை மருந்துக் கடைக்காரர்வரை அவள் ஜப்பான்காரி.

கணவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் சோதித்துச் சொல்வான், லென்ஸைச் சாணை பிடித்து ஃப்ரேமில் பொருத்துவான். யோசனை முதலில் அவனுடையதுதான். ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"உனக்குத்தான் இந்தத் தெருவுலயே யாருக்கும் புரியாத பாஷை ஒண்ணு தெரியுமே. அதை எனக்குக் கத்துக் குடேன். நாம பாட்டுக்குப் பேசிக்கலாம்."

அவளுக்கு அன்று வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளே பாடம் ஆரம்பித்துவிட்டாள். மூன்றாம் நாள் அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"'நொமு'ன்னா குடிக்கிறது. சரி. 'குடிச்சேன்'னா?"

"நொந்தா."

"தண்ணி குடிச்சதுக்கு எதுக்குடி நொந்துக்கணும்? சரி, 'நீ'ன்னா?"

"அனத்தா."

"காய்ச்சல்ல கிடக்கிறவன்தான் அனத்துவான். கட்டின பொண்டாட்டியப் பார்த்து 'அனத்தா'ங்கிறதா? போடி."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினாள். சிரிப்பு அடங்கியபோது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இவன் மொழியிடம் போக மாட்டான். மொழியை இவனிடம் கொண்டுவர வேண்டியதுதான்.

கையேட்டு வேலை முடிந்த மத்தியானங்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியைக் கழற்றத் தொடங்கினாள். மூன்று வகை எழுத்துகளும் முதலில் போயின. தமிழ் எழுத்தே போதும். பெரியவர்களிடம் ஒரு மாதிரி, சமமானவர்களிடம் ஒரு மாதிரி என்று வினைச்சொல்லுக்கு விதவிதமாய் மரியாதை கட்டும் வழக்கம் போயிற்று. இரண்டே பேர் பேசும் மொழியில் யார் யாருக்குப் பணிவது? தட்டையான பொருளை எண்ண ஒரு சொல், நீளமான பொருளை எண்ண இன்னொரு சொல் என்ற தொல்லையும் போயிற்று. இறந்த காலத்துக்கு ஒரே வழி: சொல்லை உள்ளபடியே வைத்து வாலில் 'தா' ஒட்டு. 'இகு' போவது என்றால் போனது 'இகுதா'. உண்மையான ஜப்பானிய மொழியில் அது 'இத்தா'. 'நொமு' இனி 'நொமுதா'; யாரும் நொந்துகொள்ள வேண்டாம். இல்லை, வேண்டாம் என்று சொல்ல, சொல்லுக்குப் பின்னால் ஒரு 'நை', அவ்வளவுதான். 'அனத்தா'வை எடுத்துவிட்டு 'கிமி' வைத்தாள். சொற்களின் வரிசைக்கு மட்டும் கை வைக்கவில்லை. அது தமிழைப் போலவே எழுவாயில் தொடங்கி வினையில் முடிந்தது. வேற்றுமை உருபுகூட நம்முடையதைப் போலவே சொல்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. அதற்காக முன்பின் தெரியாத அந்த மொழிக்காரர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

மொழிக்கு ஃபுதாரி என்று பெயர் வைத்தாள். இரண்டு பேர் என்று அர்த்தம்.

இல்லாத சொற்களை இருப்பவற்றை ஒட்டிச் செய்தாள். அவளுக்குப் பிடித்தது 'அமெகாவோ'. 'அமெ' என்றால் மழை, 'காவோ' என்றால் முகம். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வரும் நாளில் கணவன் முகம் அப்படித்தான் இருக்கும்; கொட்டாது, விலகாது, இருட்டிக்கொண்டே நிற்கும். முதல்தடவை அந்தச் சொல்லை அவள் சொன்னபோது அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைமுகம் அப்படியே கலைந்துபோயிற்று.

ஆறே மாதத்தில் சரளமாகப் பேசினான். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, "உப்பு ஜாஸ்தி, சொல்லிடாதே" என்று அவன் ஃபுதாரியில் சொல்வான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்குவாள். "ரெண்டும் குருவி மாதிரி என்னமோ கீச்சுகீச்சுங்குது" என்பார் மாமனார். மாமியார் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

மகள் பிறந்தபோது அவளுக்கும் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டாள். அவன் வேண்டாமென்றான். "அது நம்மது. நமக்குன்னு வேற என்ன இருக்கு இந்த வீட்டுல?" அந்தப் பேச்சு அவளுக்குத் தேனாக இருந்தது. நோட்டுப் புத்தகம் மூன்றாயிற்று. சொற்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டின. பதினாறு வருஷத்தில் அவன் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. செய்வது அவள், பேசுவது அவன் என்று ஆகிவிட்டிருந்தது.

அதற்கு அவள் ஒரு விலையும் கொடுத்தாள். தையல் எந்திரக் கம்பெனிக்கு இரண்டு ஜப்பானியப் பொறியாளர்கள் வந்தபோது, அவர்கள் பேசுவதை உடனுக்குடன் தமிழில் சொல்லும் உரைபெயர்ப்புக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். வாயைத் திறந்தால் 'இகுதா' வந்தது. திருத்திக்கொள்வதற்குள் அடுத்ததாக ஒரு 'நொமுதா'. மூத்தவர் மிகவும் பணிவாக, "நீங்கள் சிறு குழந்தைகளோடு பழகிக் கற்றீர்களோ?" என்று கேட்டார். இளையவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அந்தக் கம்பெனி அவளைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "விடு, அவங்களுக்கு நம்ம பாஷை தெரியலை" என்றான். அதையும் அவள் அன்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

மகள் பத்தாம் வகுப்பு வந்த வருஷம் ஒரு மத்தியானம், அவளுடைய படிக்கும் கண்ணாடியின் மூக்குப்பட்டை உடைந்துவிட்டது. மொழிபெயர்க்க இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. கணவன் வரும்வரை காத்திருக்க முடியாதென்று கடைக்கே கிளம்பினாள். கடை, வேலைக்குப் போகிற இடம். வீட்டுப் பெண்கள் அங்கே வந்து நிற்பது அவனுக்குப் பிடிக்காது. கடைசியாக எப்போது போனாளென்று அவளுக்கே நினைவில்லை. முதலாளி மாறி, விளக்குகள் மாறி, சுவர் முழுக்கக் கண்ணாடி ஃப்ரேம்கள் வரிசைவரிசையாய் முறைத்துக்கொண்டிருந்தன. கல்லாவில் யாரும் இல்லை. பின்னால் தடுப்புக்கு அப்பால் சாணைச் சக்கரம் ஓடும் சத்தம். சத்தம் நின்றது.

"அமெகாவோ நை," என்றது ஒரு பெண் குரல். "அஷிதா இகு. கிமி தோ."

மழைமுகம் வேண்டாம். நாளைக்குப் போகலாம். உன்னோடு.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. 'நை' இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இதைப் பிற்பாடு நினைத்து நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் நடந்தது அதுதான்.

தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். சுருட்டை முடியை உச்சியில் அள்ளிச் சொருகியிருந்தாள். கையில் லென்ஸ் துடைக்கும் துணி.

"சொல்லுங்கக்கா."

"மூக்குப்பட்டை உடைஞ்சுபோச்சு."

"குடுங்க, ரெண்டே நிமிஷம்." உட்கார்ந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள். கை வேலை சுத்தமாக இருந்தது.

"உள்ள என்னமோ பேசிட்டு இருந்தீங்களே," என்றாள் ஜப்பான்காரி. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "என்ன பாஷை அது?"

அந்தப் பெண் முகம் மலர்ந்தது. "கேட்டுடுச்சா? அது எங்க சார் உருவாக்கினதுக்கா. ஜப்பான் பாஷைய எடுத்து, கஷ்டமானதை எல்லாம் கழிச்சிட்டு, தானாவே உக்காந்து பண்ணியிருக்கார். கண்ணாடிக் கடையில இருக்க வேண்டிய மூளையே இல்லை அது."

"தானாவேவா?"

"ஆமாக்கா. பதினாறு வருஷ உழைப்பாம்."

தடுப்பு மறுபடியும் அசைந்தது. லென்ஸ் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கணவன் வந்தான். அவளைப் பார்த்தான். தட்டில் லென்ஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு வாடிக்கையாளர்களுக்கென்றே வைத்திருக்கும் சிரிப்பு ஒன்று அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"வாங்க மேடம். கவனிக்கிறாங்களா?"

"கவனிக்கிறாங்க," என்றாள் அவள்.

புதுப் பட்டை பொருத்திய கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. "நன்றிம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில்தான் எதிர்த் திசைப் பஸ்ஸில் ஏறியிருப்பது தெரிந்தது. இறங்கி, சாலையைக் கடந்து, மறுபடியும் நின்றாள்.

வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். மாமனாரை மருத்துவரிடம் காட்ட மாமியார் கூடப் போயிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்த அம்மாவை மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அமெகாவோ," என்றாள் மெதுவாக.

"என்ன சொன்னே?"

மகள் புத்தகத்தை மூடினாள்.

"உனக்கு எப்படித் தெரியும் அந்த வார்த்தை?"

"எல்லாமே தெரியும்மா. பொறந்ததுலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேரும்தான் நினைச்சுட்டு இருந்தீங்க." கொஞ்சம் தயங்கினாள். "கடைக்குப் போனியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்பா போன்ல பேசுவாரு. நீ வெளிய போயிருக்கிறப்ப, கூடத்துலயே உக்காந்து, தாத்தா முன்னாடியே பேசுவாரு. முதல்ல உன்கூடத்தான் பேசுறாருன்னு நினைச்சேன். நம்ம அப்பா அம்மாவை எவ்வளவு கொஞ்சுறாருன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் நீ உள்ள குளிச்சிட்டு இருந்தே. அப்பவும் பேசிட்டு இருந்தாரு."

"எப்ப?"

"எட்டாவது படிக்கிறப்ப."

"ரெண்டு வருஷமா? ஏன்டி சொல்லலை?"

"எந்தப் பாஷையிலம்மா சொல்றது? அதுல சொன்னா எனக்குத் தெரியும்னு ஆயிடும். தமிழ்ல சொன்னா வீடே கேக்கும்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். தொடலாமா வேண்டாமா என்று தெரியாதவள்போல நின்றுவிட்டு, அப்புறம் கேட்டாள்.

"அம்மா, 'யசுமியுசோ'ன்னா என்ன? அடிக்கடி சொல்வாரு. உன் நோட்டுல அது இல்லை."

'யசுமி' விடுப்பு. 'உசோ' பொய். சொல்லுக்குச் சொல் அவள் மனசு தானாகப் பிரித்தது. விடுப்பு வாங்கச் சொல்லும் பொய். முதலாளியிடம் சொல்வது, வீட்டில் சொல்வது. இரண்டு உயிரெழுத்துகள் சேருமிடத்தில் வழுக்கிப் போகாமல் 'ய' வைத்து ஒட்டியிருந்தார்கள். அவள் போட்ட விதிதான். அவன் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அதெல்லாம் வராது. அந்தச் சுருட்டை முடிக்காரிதான் செய்திருப்பாள். அவ்வளவு அழகாக இவளே ஒரு சொல் செய்து வருஷக்கணக்காயிற்று.

"தெரியலை," என்றாள் மகளிடம்.

சாயங்காலம் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தான். மாமனார் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றபடியே ஃபுதாரியில் ஆரம்பித்தான்: இங்கே வேண்டாம், மாடிக்கு வா, எல்லாம் சொல்கிறேன்.

"தமிழ்ல பேசுங்க," என்றாள் அவள்.

அவன் மறுபடியும் ஃபுதாரியில், அப்பா இருக்கிறார் என்றான்.

"இருக்கட்டும். மேடம்னு கூப்பிட்டீங்களே மத்தியானம், அதே மாதிரி தமிழ்ல கூப்பிடுங்க."

மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார். அவன் குரலைத் தாழ்த்தினான், தமிழுக்கு வந்தான்.

"கடைக்கு ஏன் வந்தே?"

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு."

"இங்க பாரு, நீ நினைக்கிற மாதிரி..."

"நான் நினைக்கிறது இருக்கட்டும். நீங்களே உருவாக்கினதா அது? பதினாறு வருஷ உழைப்பாமே?"

அவன் எதிர்பார்த்தது வேறு கேள்வி. அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருப்பான்போல. இதற்கு ஒரு கணம் தடுமாறிவிட்டு, தடுமாறியதாலேயே கோபப்பட்டான்.

"பாஷை என்ன உன் சொத்தா? ஜப்பான்காரன்கிட்ட கேட்டுட்டா நீ எடுத்தே? நீ நோட்டுல எழுதினே, பேசினது நான். நான் பேசலைன்னா அது வெறும் நோட்டுதான்."

அதில் உண்மை இருந்தது. அதுதான் அவளை அடித்தது.

"அவளை வச்சுக்கிட்டீங்க," என்றாள். "சரி, ஊருல நடக்காததா? அதுக்கு வேற பாஷையே கிடைக்கலையா உங்களுக்கு? தமிழ்ல கொஞ்சினா ஆகாதா? நான் உங்க மூஞ்சியப் பார்த்துப் பண்ணின வார்த்தைய, அவ வாயில போட்டு, அதையே திருப்பி உங்களுக்குச் சொல்ல வச்சுக் கேட்டுட்டு..."

அவன் தன் அம்மாவின் பக்கம் திரும்பினான். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்று நினைத்திருக்கலாம். மாமியார் கையிலிருந்த துண்டை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஜப்பான்காரியைத்தான் பார்த்தாள்.

"பதினாறு வருஷம், எங்களை உக்கார வச்சுட்டு எங்க முன்னாடியே எங்களுக்குப் புரியாம பேசுனீங்களே ரெண்டு பேரும்," என்றாள். "சாப்பாட்டைச் சொல்றாங்களா, என்னைச் சொல்றாங்களா, நான் எப்பச் சாவேன்னு பேசிக்கிறாங்களான்னு ஒவ்வொரு நாளும் நினைச்சிருக்கேன். ஒருநாள் இவர்கிட்ட சொல்லி அழுதேன். 'சின்னஞ்சிறுசுங்க, விடு'ன்னார். உனக்கு இன்னைக்கு ஒருநாள். எனக்குப் பதினாறு வருஷம்."

மாமனார் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அப்படியெல்லாம் நாங்க..." என்று தொடங்கிய ஜப்பான்காரி நிறுத்திவிட்டாள். உப்பு ஜாஸ்தி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு எத்தனையோ நினைவுக்கு வந்தன.

அந்த மாதக் கடைசியிலேயே அவளும் மகளும் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி போர்ஷன் பார்த்துக் குடிபோனார்கள். கணவன் தடுக்கவில்லை. மேசையையும் கணினியையும் அவனே வண்டியில் ஏற்றிவிட்டான். நோட்டுப் புத்தகங்களை எடுத்துவைக்கும்போது, எட்டிப் பார்த்த மகள், "எதுக்கும்மா?" என்றாள். பதில் தெரியாமலே அவள் பெட்டிக்குள் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தாத்தா வீட்டுக்குப் போய்வந்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று இவள் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

உரைபெயர்ப்பு வேலைக்கு மறுபடி முயன்றால் என்ன என்று தோன்றி, தொடக்கநிலைப் பாடப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, பள்ளிப் பிள்ளைபோல உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். இத்தா, நொந்தா. புதிதாய்ப் படிக்கிறவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இவளுக்குத் தப்பாகத் தெரிந்திருந்தது. அதுவும் தானே செதுக்கிய தப்பு. நாலு வாக்கியம் சரியாக வந்தால் ஐந்தாவதில் 'தா' போய் ஒட்டிக்கொள்ளும். உரைபெயர்ப்பாளர் தேர்வில் எழுத்துத்தாளில் தேறினாள், பேச்சில் தோற்றாள். தேர்வாளர், "இது எந்த வட்டார வழக்கு?" என்று மெய்யான ஆர்வத்தோடு கேட்டார். "எங்க வீட்டு வழக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, வச்சிடாதீங்க," என்றது குரல். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "நான் கடைய விட்டு நின்னுட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அந்தப் பாஷை நீங்க பண்ணினதுன்னு அன்னைக்கு நீங்க போனதுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். சத்தியமா."

"அது மட்டும்தான் தெரியாதா உனக்கு?"



"அவருக்குக் கல்யாணமானது தெரியும்," என்றாள் அந்தப் பெண். "மத்ததுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு வாயில்லைக்கா. இதுக்காவது கேக்கலாம்னுதான்."

ஜப்பான்காரி வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"'யசுமியுசோ' நீ பண்ணினதா?"

"ஆமாக்கா." குரல் இறங்கியது. "தப்பா?"

"தப்பில்லை. சரியாத்தான் சேர்த்திருக்கே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் அந்த மொழியைப் பற்றி, அதன் ஒட்டும் சேர்ப்பும் தெரிந்த ஒருவரோடு அவள் பேசியது இதுதான் முதல்தடவை. அதை அவள் உணர்ந்தாள். அந்தப் பெண்ணும் உணர்ந்திருப்பாள்போல.

"இன்னும் பேசுறீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள் ஜப்பான்காரி.

"பேசுறோம். ஆனா இப்பல்லாம் தமிழ்லதான்க்கா."

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதுபோல அதைச் சொன்னாள். ஜப்பான்காரி போனை வைத்தாள்.

அடுத்த அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா போன்ல?"

"ராங் நம்பர்."

மகள் நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்ததில் அவளுக்கு வந்த பழக்கம் அது. போய் உட்கார்ந்து படிப்பைத் தொடர்ந்தாள். அம்மாவுக்கு அன்று மொழிபெயர்த்து அனுப்பவேண்டிய பக்கங்கள் பன்னிரண்டு இருந்தன, நான்குதான் முடிந்திருந்தன. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவதைத் திறந்தாள்.